"சார், கழட்டும்போது உடைஞ்சிருச்சு": ஒர்க்‌ஷாப்பில் எஞ்சின் பாகம் உடைந்தால் செலவு யாருடையது?

காலையில் காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு ஆபீஸுக்குப் போகிறீர்கள். டீசல் கார், காலை நேரத்தில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது. ஹீட்டர் பிளக் நான்கையும் மாற்றினால் போதும் என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார். மதியம் போன் வருகிறது. "சார், மூணு பிளக் வந்துருச்சு. நாலாவது கழட்டும்போது உடைஞ்சிருச்சு. பாதி உள்ளேயே நிக்குது. ஹெட்டை இறக்கணும், பார்த்துச் சொல்லுங்க."

சில ஆயிரம் ரூபாயில் முடிய வேண்டிய வேலை, அந்த ஒரு போனில் பல மடங்கு ஆகிறது. கார் பிரிந்து கிடக்கிறது, வேறு என்ன செய்வது என்று பலர் "சரி, பண்ணுங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். சிலர் "நீதானே உடைச்ச, நீயே சரிபண்ணு" என்று சண்டைக்குப் போகிறார்கள். இரண்டுமே அவசரம். ஏன் உடைந்தது என்பதைப் பொறுத்துத்தான் செலவு யாருடையது என்பது முடிவாகும். அந்தக் காரணத்தைக் காட்டும் தடயம், உடைந்த அன்றுதான் கண்ணெதிரே இருக்கும். மறுநாள் அது குப்பைக்கூடைக்கோ பழைய இரும்புக் கடைக்கோ போயிருக்கும்.

ஏன் உடைகிறது?

மெக்கானிக் முரட்டுத்தனமாகத் திருப்பியதால்தான் உடைந்தது என்று முதலில் தோன்றும். பல நேரம் அப்படி இல்லை.

இன்றைய கார்களில் சிலிண்டர் ஹெட் பெரும்பாலும் அலுமினியம். அதில் முறுக்கப்படும் போல்ட், ஸ்டட், பிளக் எல்லாம் எஃகு. சூடேறும்போது அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். தினமும் சூடாகி, தினமும் ஆறி, பல வருடம் ஓடிய வண்டியில் மரைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. இரு வேறு உலோகங்களுக்கு நடுவே ஈரமும் சேர்ந்தால் அரிப்பு வேறு. மும்பை, சென்னை, விசாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர் வண்டி என்றால் உப்புக் காற்றும் தன் பங்குக்கு வேலை செய்யும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஸ்டட்டுகளின் நிலை இன்னும் மோசம். சூட்டில் வெந்து வெந்து துருவேறிப்போன ஸ்டட், ஸ்பானர் வைத்ததும் மளுக்கென்று முறிந்துவிடும்.

ஹீட்டர் பிளக்கில் சிக்கல் வேறு மாதிரி. பென்சிலைவிட மெல்லிய அதன் நுனி, டீசல் எரியும் அறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். நாளடைவில் அதைச் சுற்றிக் கரி இறுகிவிடுகிறது. மேலே மரை இளகினாலும் கீழே நுனி இளகாது. அப்போது கொடுக்கும் விசை முழுவதும் நடுவில் இருக்கும் மெல்லிய உடலில் இறங்கும். எம்10 அளவு ஹீட்டர் பிளக் சுமார் 35 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையிலேயே முறியலாம், எம்8 என்றால் சுமார் 20-லேயே முறியலாம் என்று பிளக் தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். சாதாரணமாக ஒரு காரின் வீல் நட்டை இறுக்கவே 100 நியூட்டன் மீட்டர் அளவுக்கு விசை கொடுக்கிறோம். அதில் மூன்றில் ஒரு பங்கு போதும், பிளக் பாதியோடு கையில் வந்துவிடும்.

அதனால்தான் இதைக் கழற்றத் தனி முறை இருக்கிறது. எஞ்சினைச் சூடாக்க வேண்டும். மரையில் துரு இளக்கும் ஆயிலை விட்டு ஊறவிட வேண்டும். டார்க் ரென்ச் வைத்து, அந்த எல்லையைத் தாண்டாமல் மெல்லத் திருப்ப வேண்டும். அசையவில்லையா? கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே, மறுபடி ஆயில், மறுபடி காத்திருப்பு. ஒரு ராத்திரி முழுக்க ஊறவிட வேண்டியும் வரலாம். பெட்ரோல் காரின் ஸ்பார்க் பிளக்குக்கு இது நேர் எதிர். அலுமினிய ஹெட் நன்றாக ஆறிய பிறகுதான் கழற்ற வேண்டும், சூட்டோடு கழற்றினால் ஹெட்டின் மரையே பிய்ந்து வரலாம்.

டிசைனே காரணமாக இருப்பதும் உண்டு. அமெரிக்காவில் ஃபோர்டின் 5.4 லிட்டர், சிலிண்டருக்கு 3 வால்வு கொண்ட வி8 எஞ்சின் இதில் பேர் போனது. 2000-களின் நடுவில் எஃப்-150 பிக்கப்களில் வந்த அந்த எஞ்சினின் ஸ்பார்க் பிளக், இரண்டு துண்டுகளை இணைத்துச் செய்தது. நீண்ட நுனியைச் சுற்றிக் கரி இறுகி, கழற்றும்போது மேல்பாதி மட்டும் வெளியே வந்தது. கடைசியில் ஃபோர்டே டீலர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது: எஞ்சின் ஆறட்டும், முதலில் கால் சுற்றுக்கு மேல் திருப்ப வேண்டாம், கார்புரேட்டர் கிளீனர் விட்டு ஊறவையுங்கள், அப்படியும் உடைந்தால் இந்தத் தனிக் கருவியால் எடுங்கள் என்று. ஒழுங்காக வேலை செய்பவர் கையிலும் அது உடையும் என்று கம்பெனியே ஒப்புக்கொண்ட மாதிரிதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. வீல் நட்டுக்கான இம்பாக்ட் கன்னை எடுத்து எஞ்சின் போல்ட்டில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்பானர் நகராவிட்டால் அதில் நீளமான இரும்புப் பைப்பைச் செருகி மேலே ஏறி நிற்பவர்களும் இருக்கிறார்கள். இறுக்கும்போது நடக்கும் தவறு இன்னும் சகஜம். எம்14 ஸ்பார்க் பிளக்கை அலுமினிய ஹெட்டில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கினால் போதும். கைக்கணக்கில் இறுக்குபவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதன் பலனை அடுத்த சர்வீஸில் வேறொரு மெக்கானிக் அனுபவிப்பார், அல்லது நீங்கள்.

உடைந்த முகம் சொல்லும் கதை

எந்தக் காரணம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? உடைந்த துண்டைக் கையில் வாங்கி, முறிந்த முகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். முகத்தின் ஒரு பகுதி கறுத்தோ துருப்பிடித்தோ இருந்து, மிச்சம் மட்டும் பளபளவென்று இருந்தால், அங்கே ஏற்கெனவே விரிசல் இருந்திருக்கிறது. இன்று முறிந்தது மிச்சம்தான். முகம் முழுவதும் புதிதாகப் பளபளத்து, உடல் முறுக்கிக்கொண்ட மாதிரி இருந்தால், ஒரே மூச்சில் அதிக விசை கொடுத்ததால் முறிந்திருக்க வாய்ப்பு அதிகம். இதுவே இறுதித் தீர்ப்பு ஆகாது. மரை ஜாம் ஆகி இருந்தாலும் முறுக்கிக்கொண்டுதான் உடையும். ஆனால் பேச்சை எங்கிருந்து தொடங்குவது என்று இது காட்டிவிடும்.

உடைந்த துண்டு, அது உடைந்த இடம் இரண்டையும் போட்டோ எடுத்து உடனே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். முடிந்தால் நேரில் போய்விடுங்கள். துண்டை ஒரு கவரில் போட்டு நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சினை ஓட விடாதீர்கள்

நேரில் போவதற்குள் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது: துண்டு எங்கே இருக்கிறது என்று தெரியும்வரை எஞ்சினைச் சுற்றக்கூட வேண்டாம். "மூணு சிலிண்டர்ல ஓட்டிப் பார்க்கலாம்", "ஒரு செல்ஃப் அடிச்சா கம்ப்ரஷன்ல தானா வெளிய வந்துரும்" என்பதெல்லாம் சூதாட்டம். டீசல் எஞ்சினில் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது ஹெட்டுக்கும் அதற்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். ஹீட்டர் பிளக்கின் நுனி உள்ளே விழுந்திருந்தால், பிஸ்டன் அதை ஹெட்டில் வைத்து அடிக்கும். வால்வு வளையும், பிஸ்டன் தலையில் குழி விழும், சிலிண்டர் சுவரில் கீறல் விழும். அதுவரை பிளக் வேலையாக இருந்தது எஞ்சின் வேலை ஆகிவிடும்.

உள்ளே பார்க்க போரஸ்கோப் என்ற மெல்லிய கேமரா இருக்கிறது. மொபைலோடு இணைப்பது மாதிரி விலை குறைந்தவையும் கிடைக்கின்றன. பிளக் துளை அடைபட்டிருந்தால் இன்ஜெக்டரைக் கழற்றிவிட்டு அந்த வழியாகப் பார்க்கலாம். இந்தக் கேமராவைக்கூட விடாமல் ஹெட்டை இறக்கணும் என்கிற ஒர்க்‌ஷாப்பிடம் காரணம் கேட்பது உங்கள் உரிமை.

ஹெட்டை இறக்காமல் எடுக்க முடியுமா?

பல நேரம் முடியும். எது உடைந்தது, எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

ஸ்டட்டோ போல்ட்டோ கொஞ்சம் வெளியே தெரிந்தால், அதன் தலையில் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடித்து ஒட்டி, அந்த நட்டைத் திருப்பி எடுப்பதுதான் பட்டறைகளில் நெடுநாள் வழக்கம். நல்ல முறையும்கூட. வெல்டிங்கின் சூடே பாதி ஜாமை உடைத்துவிடும். அதற்கு முன் பேட்டரி வயரைக் கழற்றினார்களா என்று மட்டும் கேளுங்கள். இல்லாவிட்டால் எஞ்சினின் கம்ப்யூட்டருக்கு ஆபத்து.

ஹெட்டோடு ஹெட்டாக முறிந்திருந்தால், நடுவில் துளை போட்டு, எதிர்ப்புறம் சுழலும் 'ஈஸி அவுட்' என்ற கருவியைச் செருகித் திருப்புவார்கள். பெயரில்தான் ஈஸி. துளை நடுவில் விழாமல் ஓரமாகப் போனால் ஹெட்டின் மரை போச்சு. அதைவிடக் கொடுமை, ஈஸி அவுட்டே உள்ளே முறிவது. அது சாதாரண டிரில் பிட்டால் துளைக்க முடியாத அளவுக்குக் கடினமான எஃகு. அதன் பிறகு மின்பொறியால் உலோகத்தை அரிக்கும் இடிஎம் இயந்திரம் உள்ள கடைக்குப் போக வேண்டும். அதற்கு ஹெட்டை இறக்கித்தான் ஆக வேண்டும். ஆகவே முதல் முயற்சியே கடைசி முயற்சி என்ற ஜாக்கிரதையோடு செய்பவர் தேவை. உங்கள் மெக்கானிக் மற்ற எல்லா வேலையிலும் கெட்டிக்காரராக இருக்கலாம். இது லேத் கடைக்காரர்களும், இதையே தொழிலாகச் செய்பவர்களும் பார்க்க வேண்டிய வேலை. ஹீட்டர் பிளக்கையும் இன்ஜெக்டரையும் எடுக்க, காரின் மாடலுக்கு ஏற்ற வழிகாட்டிக் குழாயோடு தனி கிட் இருக்கிறது. பெரிய நகரங்களில் அதைக் கொண்டுவந்து ஒர்க்‌ஷாப்பிலேயே செய்து தருபவர்கள் உண்டு. "உங்ககிட்ட கிட் இருக்கா, இல்லைன்னா இருக்கிறவரைக் கூப்பிடலாமா?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

துளைபோடும்போது இரும்புத்தூள் சிலிண்டருக்குள் விழக்கூடாது. டிரில் பிட்டில் கிரீஸ் தடவி, அடிக்கடி வெளியே எடுத்துத் துடைத்து, கடைசியில் வேக்குவம் வைத்து உறிஞ்சி, மறுபடி கேமரா விட்டுப் பார்ப்பார்கள். கெட்டுப்போன மரைக்குள் ஹெலிகாயில் என்ற எஃகுச் சுருளைப் பொருத்திப் புது மரை உண்டாக்கலாம். ஒழுங்காகப் போட்டால் அது பழைய அலுமினிய மரையைவிட உறுதியாகவே இருக்கும். "ஹெலிகாயில் போட்டது, ஒட்டுப்போட்ட எஞ்சின்" என்று பயப்பட வேண்டாம்.

இதெல்லாம் பலிக்காமல் ஹெட்டை இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால், பில்லில் சில செலவுகள் கூடவே வரும், அவை நியாயமானவை. ஹெட் கேஸ்கெட் புதிது. பல எஞ்சின்களில் ஹெட் போல்ட்டும் புதிது, ஏனெனில் அவை ஒருமுறை இறுக்கும்போதே வேண்டுமென்றே நீட்டப்படுபவை, திரும்பப் போடக்கூடாது. கூலன்ட், ஆயில், ஹெட் சமதளமாக இருக்கிறதா என்ற சோதனை. டீசல் என்றால் கேஸ்கெட்டில் தடிமன் வேறுபாடு உண்டு. ஓரத்தில் உள்ள துளைகளையோ வெட்டுகளையோ எண்ணி, பழையதற்குச் சமமானதைப் போட வேண்டும். பழைய கேஸ்கெட்டை நீங்கள் கேட்டு வாங்கி வைத்திருந்தால் இதைச் சரிபார்ப்பது சுலபம்.

இந்தக் கட்டத்தில் "ஹெட்டே வேஸ்ட், செகண்ட் ஹேண்ட் எஞ்சின் ஒண்ணு இருக்கு, மொத்தமா மாத்திரலாம்" என்ற யோசனை வரலாம். சென்னை புதுப்பேட்டையோ டெல்லி மாயாபுரியோ, பழைய எஞ்சின் கிடைக்காத ஊர் இல்லை. ஆனால் எஞ்சின் மாறினால் எஞ்சின் நம்பரும் மாறும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி அதற்கு ஆர்டிஓ அனுமதி வேண்டும், மாற்றிய 14 நாட்களுக்குள் தெரிவித்து ஆர்சியில் பதிய வேண்டும். விடுபட்டால் இன்சூரன்ஸ் க்ளெய்மிலும், காரை விற்கும்போதும் மாட்டிக்கொள்வீர்கள். அந்த எஞ்சின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்ற கேள்வி தனி.

சரி, செலவு யாருடையது?

சட்டத்தின் பார்வையில், காரை ஒர்க்‌ஷாப்பில் விடுவது ஒரு பொருளை ஒப்படைப்பது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 151 சொல்வது இதுதான்: அப்படி வாங்கி வைத்திருப்பவர், சாதாரண அறிவுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்வாரோ அவ்வளவு கவனம் காட்ட வேண்டும். அவ்வளவு கவனம் காட்டியும் சேதமானால் அவர் பொறுப்பில்லை. காட்டவில்லை என்றால் பொறுப்பு. பொருள் அவர் கையில் இருக்கும்போது சேதமானதால், கவனமாகத்தான் இருந்தேன் என்று காட்ட வேண்டியவரும் பொதுவாக அவர்தான்.

இதை ஹீட்டர் பிளக்குக்குப் பொருத்திப் பாருங்கள். ஆயில் ஊற்றி ஊறவிட்டு, டார்க் ரென்ச் வைத்து, "இது ஜாம் ஆகியிருக்கு, உடைய வாய்ப்பிருக்கு, தொடரட்டுமா?" என்று உங்களிடம் கேட்டுவிட்டுத்தான் திருப்பினார் என்றால், உடைந்ததற்கு அவரைக் குறைசொல்ல முடியாது. செலவு உங்களுடையது. அவர் முன்கூட்டிச் சொல்லவே இல்லை, இம்பாக்ட் கன் வைத்தார், ஈஸி அவுட்டையும் உள்ளே உடைத்தார் என்றால் கதை வேறு. நடைமுறையில் பெரும்பாலான கேஸ்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் விழும். பாகத்தின் விலையை உரிமையாளர் ஏற்பது, எடுக்கும் கூலியை ஒர்க்‌ஷாப் ஏற்பது என்று பேசி முடிப்பது பல நேரம் வழக்குப் போடுவதைவிட லாபம். அப்படி முடித்தால் அதை ஜாப் கார்டிலேயே எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

ஜாப் கார்டின் அடியில் பொடி எழுத்தில் "வாகனம் உரிமையாளரின் பொறுப்பில்" என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த வரி இருக்கிறது என்பதாலேயே நுகர்வோர் ஆணையத்தின் கதவு உங்களுக்கு அடைபடாது. சேவையில் குறைபாடு இருந்ததா என்பதைத்தான் ஆணையம் பார்க்கும்.

"பணம் கட்டாம வண்டியை எடுக்க முடியாது" என்று சொன்னால்? இதில் சட்டம் ஒர்க்‌ஷாப் பக்கமும் கொஞ்சம் சாய்கிறது. அதே ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 170, ஒப்புக்கொண்டபடி உழைப்பும் திறமையும் செலுத்தி வேலை முடித்தவர், கூலி வரும்வரை பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. ஆனால் அது அந்த வேலைக்கான கூலிக்கு மட்டும். நீங்கள் ஒப்புக்கொள்ளாத வேலைக்கோ, போன வருஷ பாக்கிக்கோ இந்தப் பிரிவைக் காட்டி வண்டியை நிறுத்த முடியாது. கார் அவசரமாகத் தேவை என்றால், பில்லில் "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதிப் பணத்தைக் கட்டி வண்டியை எடுத்துவிட்டுப் பிறகு புகார் கொடுப்பது நல்லது.

இன்சூரன்ஸ், வாரன்டி கைகொடுக்குமா?

இன்சூரன்ஸ் அநேகமாகக் கொடுக்காது. சாதாரண கார் பாலிசி, விபத்தால் வரும் சேதத்துக்கானது. தேய்மானம், இயந்திரக் கோளாறு, பாகம் முறிவது ஆகியவை விலக்குப் பட்டியலிலேயே இருக்கின்றன. 'எஞ்சின் புரொடெக்ட்' என்று கூடுதல் பணம் கட்டி வாங்குவது பெரும்பாலும் தண்ணீர் புகுவது, ஆயில் கசிவது போன்றவற்றின் பின்விளைவுக்கு.

வாரன்டியில் உள்ள கார், கம்பெனி சர்வீஸ் சென்டரில் உடைந்தது என்றால் முதலில் அங்கேயே எழுத்தில் கேளுங்கள். "வெளியே ரிப்பேர் செய்தால் வாரன்டி போய்விடும்" என்ற மிரட்டலும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. 14 கார் நிறுவனங்களுக்கு எதிராக 2014 ஆகஸ்ட்டில் இந்தியப் போட்டி ஆணையம் அளித்த உத்தரவு, வெளி மெக்கானிக்கிடம் போனார் என்ற ஒரே காரணத்துக்காக வாரன்டியை ஒட்டுமொத்தமாக ரத்துசெய்யும் நிபந்தனை கூடாது என்றது. 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதமும் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய 'ரைட் டு ரிப்பேர்' இணையதளத்தில் வாகனத் துறையும் சேர்க்கப்பட்டிருக்கிறது.

பில்லைப் பார்க்கும்போது வரியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்கள் எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி ஒரே 18%. பழைய 28% கணக்கில் எஸ்டிமேட் வந்தால் திருத்தச் சொல்லுங்கள்.

புகார் எங்கே?

பேச்சில் முடியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம், வக்கீல் கட்டாயம் இல்லை. சேவைக்காகக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. பிரச்னை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும்.

ஆணையம் கேட்பது ஜாப் கார்டு, எஸ்டிமேட், பில், போட்டோ, வாட்ஸ்அப் உரையாடல். தெரு முனை மெக்கானிக்கிடம் இவை எதுவும் இருக்காது, "எதுக்குண்ணே பில்லு, நம்மளுக்குள்ள" என்பார். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடவடிக்கை. அவரிடம் சண்டை போட விருப்பமில்லை என்றால், பணத்தை யுபிஐ-யில் அனுப்பி, என்ன வேலைக்கு என்று அதன் குறிப்பில் தமிழிலேயே எழுதிவிடுங்கள். "4 ஹீட்டர் பிளக், 1 உள்ளே உடைந்தது, எடுக்கும் கூலி" என்ற அளவுக்கு இருந்தால் போதும்.